கஞ்சியும் கடற்பாசியும்

கொங்கு நாட்டிற்கும் கடலுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பது பூகோளம் கற்கும் சிறுவனும் அறிந்ததே. நொய்யலும் பவானியும் அமராவதியும் காவிரியிற் கலந்து நம்மைக் கேளாமலே கடலுக்குச் செல்கின்றன. அங்கிருந்து நமக்கு மீண்டு வருவன உப்பும், கருவாடும், பருவக்காற்று கொணரும் மழையுமே என்று நாம் எண்ணியிருக்கிறோம்.

அவ்வெண்ணம் முற்றும் சரியன்று. நம் கல்லூரிச் சோதனைச்சாலையில் நுண்ணுயிர்களை வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளை உற்று நோக்கின், அவற்றின் அடியில் தெளிந்த பாகுபோல் உறைந்து கிடக்கும் ஒரு பொருளைக் காணலாம். கோவையின் திசு வளர்ப்புச் சாலைகளில் வாழைக்கன்றும் கரும்புக்கன்றும் புட்டிகளுக்குள் நிமிர்ந்து நிற்பது பெரும்பாலும் அப்பொருளின்மீதே. ஈரோட்டிலும் திருப்பூரிலும் துணியிற் பூவும் கொடியும் அச்சிடும் மேசைகளில் சாயத்தைத் தாங்கும் பசைகளுள் ஒன்று அதற்கு நெருங்கிய உறவு. மளிகைக் கடையில் ‘சைனா கிராஸ்’ என்றும் ‘கடற்பாசி’ என்றும் கேட்டு வாங்கி, நோன்பு மாதத்தில் இஸ்லாமிய அன்பர் இல்லங்களில் பாலிலோ இளநீரிலோ காய்ச்சி, ஆறவிட்டு, வில்லை வில்லையாக அறுத்து உண்பதும் அதுவே. விஞ்ஞானிகள் அதற்கு வழங்கும் பெயர் அகர் என்பது. மலாய் மொழியினின்று வந்த சொல் அது. ஊதுவத்தியில் மணக்கும் அகில் மரத்தையும் அகர் என்பராதலின், இரண்டையும் ஒன்றென மயங்கலாகாது.

இவ்வகரையும் அதன் உறவுப் பொருள்களையும் நாம் பொட்டலத்தில் வாங்கிப் பொட்டலமாகவே அறிந்திருக்கிறோம். அது எந்தக் கடலில் வளர்ந்தது, யார் கை பறித்தது, பறித்த இடத்தில் மீண்டும் முளைத்ததா என்று நாம் கேட்பதில்லை. கேளாமையால் நட்டம் நமக்கும் உண்டு என்பதும், அகரின்றி முடியாத காரியத்திற்கு மட்டுமே அகரை வைத்துக்கொண்டு, மற்றவற்றிற்கு நம் வயலின் மாவையே நாடவேண்டும் என்பதும், வாங்கும் சிறிதளவையும் பிறப்பிடம் கேட்டுத் தக்க விலை கொடுத்து வாங்கவேண்டும் என்பதும் இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவன.

முதலில் அப்பொருளின் குணத்தைச் சிறிது பார்ப்போம். பசைகள் பலவற்றை நம் இல்லங்களில் அறிவோம். அரிசிக் கஞ்சி ஆறினால் ஆடை படரும். ஜவ்வரிசிக் கூழ் ஆறினால் கெட்டிப்படும். ஆயினும் அவை கத்தியால் அறுத்தெடுக்கும்படி தெளிவாக உறைவதில்லை. அகரோ, 100 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு சேர்த்தாற் போதும், ஆறியபின் கண்ணாடிபோல் உறைந்து நிற்கும். அதனினும் வியப்பானது வேறொன்று. உறைந்த அகரை மீண்டும் உருக்கவேண்டுமாயின் ஏறக்குறைய 85 பாகை வெப்பம் வேண்டும். உருகியதோ 40 பாகைக்கு அருகில் ஆறும் வரையில் உறைவதில்லை. உருகும் நிலையும் உறையும் நிலையும் தண்ணீருக்கு ஒன்றே. அகருக்கு அவை தம்முள் 40 பாகைக்கு மேல் விலகி நிற்கின்றன. நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் ஆறும்போது ஒன்றையொன்று முறுக்கிப் பின்னி, வலைபோல் நீரைச் சிறைப்பிடித்து, பின்பு எளிதில் அவிழ மறுப்பதே இதற்குக் காரணம் என்பர் இரசாயன நூலார்.

இக்குணத்தை முதலில் வியாபாரமாக்கியவர் ஜப்பானியர். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில், ஒரு விடுதிக்காரர் மிஞ்சிய பாசிக்களியைக் குளிர்கால இரவில் வெளியே எறிந்தனர் என்றும், அது இரவிற் பனிக்கட்டியாகிப் பகலில் உருகி நீர் வடிந்து, சில நாளில் வெண்மையான வறண்ட நாராகக் கிடந்தது என்றும், அந்நாரைக் காய்ச்சியபோது முன்னிலும் தெளிந்த களி கிடைத்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், உறையவைத்து உருக்கி நீரை நீக்கும் அம்முறை இன்றளவும் அகர் ஆலைகளில் உண்டு. பனி தானே பெய்யும் நாட்டில் செலவின்றி நடந்த வேலையை, மதுரைப் பக்கத்து ஆலைகளில் குளிர்ப்பதன யந்திரங்கள் செய்யவேண்டியிருக்கிறது.

அகர் அடுக்களையை விட்டுச் சோதனைச்சாலை புகுந்த வரலாறு மாணவர் அறியவேண்டிய ஒன்று. 1881-ஆம் ஆண்டு, பெர்லினில் இராபர்ட் கோக் என்னும் பேரறிஞரின் சாலையில் வால்தர் ஹெஸ்ஸே என்னும் மருத்துவர் காற்றிலுள்ள நுண்ணுயிர்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அக்காலத்தில் நுண்ணுயிர்களுக்குப் படுக்கையாக விரித்தது விலங்கின் எலும்பும் தோலும் காய்ச்சிய ஜெலட்டின். அதற்கு இரண்டு குற்றங்கள் உண்டு. நம் உடல் வெப்பத்திற்கு முன்பே அது உருகிவிடும். நுண்ணுயிர்களுட் பல அதைத் தின்று நீராக்கிவிடும். உடற்சூட்டில் வளரும் நோய்க்கிருமியை உடற்சூட்டில் உருகும் படுக்கையில் எங்ஙனம் வளர்ப்பது? ஐரோப்பியக் கோடைக்கே உருகியதாயின், சித்திரை மாதத்துக் கோயம்புத்தூரில் அது என்ன பாடுபடும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. ஹெஸ்ஸேயின் மனைவியார் ஃபேனி ஹெஸ்ஸே தாம் செய்யும் பழக்களிகள் கோடையிலும் உருகாமைக்குக் காரணமான அகரைக் கணவருக்குக் காட்டினார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய அண்டை வீட்டாரிடம் அவர் இளமையிற் கற்றுக்கொண்டது அது. மறு ஆண்டு காசநோய்க் கிருமியைப்பற்றி வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் கோக் அகரைக் குறிப்பிட்டார். அதைத் தந்தவரைக் குறிப்பிடவில்லை. உலகத்துச் சோதனைச்சாலைகள் பலவற்றில் கோக்கின் படம் தொங்குகிறது. அவ்வம்மையாரின் படத்தை நான் இதுவரை எங்கும் கண்டதில்லை.

அன்று தொடங்கி நுண்ணுயிர் நூல் முழுவதும் அகரின்மீதே எழுந்தது எனலாம். ஊட்டநீர் ஒரு லிட்டருக்கு 15 கிராம் அகர் என்பது பொது அளவு. நோயாளியின் சிறுநீரிலுள்ள கிருமி எது, அதற்கு எந்த மருந்து செல்லும் என்று பார்ப்பதற்கும், சிறுவாணி நீர் தூயதா என்று சோதிப்பதற்கும் பெரும்பாலும் இப்படுக்கை வேண்டும். இதற்கு ஈடாக வேறு பொருள்களைத் தேடி அறிஞர் பலர் முயன்றும், எளிமையிலும் நம்பகத்திலும் அகரை முற்றும் விலக்கக்கூடியது இன்னும் வழக்கிற்கு வரவில்லை.

இவ்வளவு இன்றியமையாத பொருள் நெடுங்காலம் பெரும்பாலும் ஜப்பானிடமிருந்தே உலகிற்குக் கிடைத்து வந்தது. 1941 டிசம்பரில் அந்நாடு போரில் இறங்கியதும் வரத்து நின்றது. அமெரிக்க அரசாங்கம் 1942-இல் கையிருப்பிலிருந்த அகரை நுண்ணுயிர்ச் சோதனைக்கே ஒதுக்கி, மிட்டாய்க்கும் ரொட்டிக்கும் செலவிடுவதைத் தடுத்தது. நியூசிலாந்தில் தாவர நூலறிஞர் லூசி மூர் தம் நாட்டுக் கடற்கரைகளில் தக்க பாசியைத் தேடிக் கண்டார். கடலோர மக்கள் அதைச் சேகரித்துத் தர, அங்கே புதிய கைத்தொழில் ஒன்று பிறந்தது. நம் கரையும் அறியப்படாததன்று. மன்னார் வளைகுடாவில் பாம்பனுக்கருகேயுள்ள குருசடைத் தீவின் பாசிகளைச் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மா. ஓ. பா. ஐயங்கார் 1927-லேயே ஆராய்ந்து எழுதியிருந்தார். போர்க்காலத்தில் இந்நாட்டிலும் அகர் காய்ச்சும் ஆராய்ச்சிகள் நடந்தன. ஆயினும் அவை உடனே பெருந்தொழிலாகவில்லை.

அதே போர், அதே ஆண்டுகளில், நம் கொங்கு நாட்டில் வேறொன்றைச் செய்தது. மலாயாவினின்று கப்பலேறி வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் போரினால் நின்றது. அது பனையினத்து மரம் ஒன்றின் உட்சோற்றை இடித்துச் செய்தது. வரவு நிற்கவே, 1943-ஐ ஒட்டிச் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும் அவருக்குத் துணைநின்றோரும் நம் குச்சிக்கிழங்கின் பாலைப் பிழிந்து, தெளியவைத்து, மாவைக் குலுக்கி உருட்டி, வறுத்து ஜவ்வரிசி செய்யத் துணிந்தனர். இன்று இந்தியாவில் உண்ணும் ஜவ்வரிசியிற் பெரும்பகுதி சேலத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்தது. வடநாட்டில் விரதமிருப்போர் இலையில் விழும் சாபுதானா பெரும்பாலும் ஆத்தூர், நாமக்கல் பக்கத்து மானாவாரி நிலத்தில் விளைந்த கிழங்கே. ஒரு போர் இரண்டு பசைகளின் வரவை அடைத்தது. கிழங்கைப் பற்றியவர் நிமிர்ந்தனர், பாசியைப் பற்றியவர் தளர்ந்தே நிற்கின்றனர். இவ்வேற்றுமை எதனால் வந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

தமிழகக் கரையில் வாணிகத்திற்கெனப் பாசி பறிப்பது 1966 முதல் முறையாக நடந்துவருகிறது. இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை பரந்த கரையில் அதைச் செய்வோர் பெரும்பாலும் பெண்டிர். பாசிகளுக்கு அவர்கள் இட்ட பெயர்கள் இனியவை. சோதனைச்சாலைக்கேற்ற உயர்ந்த அகரைத் தருவது மரிக்கொழுந்துப் பாசி; உணவிற்கேற்ற அகரைத் தருவது கஞ்சிப் பாசி; துணியச்சுக்கு வேண்டிய அல்ஜினேட்டைத் தருவன கட்டக்கோரையும் பக்கடாப் பாசியும். இலத்தீன் பெயர்களை மனனம் செய்யும் நம் மாணவர் இவற்றையும் ஏட்டில் எழுதிக்கொள்வாராயின் நன்று.

விரல்களில் துணி சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, இடுப்பிற் பை கட்டிக்கொண்டு, மூச்சையடக்கி மூழ்கிக் கல்லிலிருந்து பாசியைக் கிள்ளி எடுப்பது அவர்கள் தொழில். சுணையுள்ள உயிர்களும், கூரிய பவளக்கல்லும், நீரோட்டமும் அங்கே உண்டு. அவர்கள் மூழ்கும் கடலோ சாதாரணக் கடலன்று. 21 தீவுகளைச் சூழ்ந்த பரப்பு 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவென அறிவிக்கப்பட்டது. 1989-இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. பவளத்தையும் கடற்பசுவையும் காக்க எழுந்த சட்டம் தலைமுறையாகத் தீவோரம் பாசி எடுத்தவர்களைக் குற்றவாளிகளாக்கிற்று. சட்டம் வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை; பவளம் அழிந்தபின் பாசிக்கும் இடமில்லை. ஆயினும் காப்பவரும் பறிப்பவரும் எதிரெதிர் நிற்கும் அந்நிலையில், அப்பெண்டிரே தமக்குத் தாமே ஒழுங்கு செய்துகொண்டனர் என்பதை மறக்கலாகாது. பாசி வளர அவகாசம் விட்டு மாதத்திற் பன்னிரண்டு நாள் அளவே கடலிறங்குவதென்றும், மீன் இனப்பெருக்கக் காலத்தில் அறவே நிறுத்துவதென்றும் அவர்கள் முடிவுகட்டினர். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்பார் இவ்வொழுங்கையும் அவர்தம் உரிமையையும் முன்னின்று காத்தமைக்காக, 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி நிறுவனம் வழங்கும் பரிசைப் பெற்றார்.

இனி நம் மேசைக்கு வருவோம். கொங்கு நாட்டார்க்குப் பசையென்பது புதிதன்று. சென்னிமலையிலும் பவானியிலும் பாவுக்குக் கஞ்சியிட்டே நெய்தோம். கோவை ஆலைகள் நூலுக்கு மாவேற்றியே தறிக்கு அனுப்பின. கஞ்சியே போதுமாயின் துணியச்சுக்குக் கடலை ஏன் நாடவேண்டும் என்று கேட்கலாம். அதற்கு விடை சாயத்தின் குணத்தில் இருக்கிறது. 1954-இல் இங்கிலாந்தில் ராட்டீ, ஸ்டீபன் என்னும் இரசாயனிகள் பஞ்சு நாரோடு இரசாயனப் பிணைப்பாகவே ஒட்டிக்கொள்ளும் சாயங்களைக் கண்டுபிடித்தனர். 1956-இல் அவை கடைக்கு வந்தன. பருத்தித் துணியில் பளிச்சென்று நின்று, வெளுத்தாலும் போகாத நிறம் இவற்றினுடையது. இச்சாயத்திற்கு நாரையும் கஞ்சியையும் பிரித்தறியத் தெரியாது. இரண்டும் ஒரே குளுக்கோசு அணுத்திரளால் ஆனவையாதலால், மாவுப் பசையிற் கலந்து அச்சிட்டால் சாயத்தில் ஒரு பகுதி நாரைவிட்டு மாவைப் பற்றும். விளைவு யாதெனில், நிறம் குன்றும், துணி அட்டைபோல் விறைக்கும். கட்டக்கோரையிலிருந்து எடுக்கும் அல்ஜினேட்டோ, எதிர்மின்னேற்றமுள்ள அமிலக்கூறுகளைத் தன்மேல் தாங்கியது. சாயமும் எதிர்மின்னேற்றமுடையதாதலால் ஒன்றையொன்று விலக்கும். பசை சாயத்தைத் துணிவரை தூக்கிச் சென்று, விட்டுவிட்டு, கழுவும்போது தானும் போய்விடுகிறது. நாகரிகமான தூதன் என்று அதைச் சொல்லலாம்.

1881-ஆம் ஆண்டு அல்ஜின் என்னும் அப்பொருளை ஸ்டான்போர்டு என்னும் ஆங்கிலேய இரசாயனி முதன்முதல் பிரித்தெடுத்தபோது, அது பருத்தித் துணியில் பூவாக மலருமென்று கனவு கண்டிரார். பல்வைத்தியர் நம் பல்லின் அச்செடுக்க வாயில் அப்பும் மாவிலும் அதுவே. புண்ணிலிருந்து கசியும் நீரை உறிஞ்சும் கட்டுத்துணிகள் சிலவும் அதனால் ஆனவையே. திருப்பூர்ப் பனியனில் அச்சிடுவோர் பலர் இப்போது பிளாஸ்டிக் மையையும் செயற்கைப் பசையையும் நாடுகின்றனர் என்பது உண்மை. நாருக்குள் ஊறிய அச்சு வேண்டுமாயின் பாசியே சிறந்தது என்று தொழில் அறிந்தோர் கூறுவர்.

ஆகவே இரண்டு இடங்களில் கடற்பசைக்கு நிகரில்லை: நோய்க்கிருமித் தட்டிலும், பருத்தியின்மேல் இவ்வகைச் சாயமிடும் மேசையிலும். மற்ற இடங்களில்? கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் ஊட்டத்தினால் 50 தட்டுகள் வார்க்கலாம். 40 மாணவருள்ள வகுப்பில் ஆளுக்கு ஐந்து தட்டென்றால் 200 தட்டு. அதாவது 4 லிட்டர், 60 கிராம் அகர். அதிற் பாதி, சரியாக ஆறுமுன் மூடியதாலும், கைபட்டுக் கெட்டதாலும் குப்பைக்குப் போவதை ஆசிரியர் யாவரும் அறிவர். கற்பதற்கு அவ்வளவு சேதம் வேண்டியதே என்று விட்டுவிடலாம். ஆனால் திசு வளர்ப்பைப் பாருங்கள். லிட்டருக்கு 8 கிராம் வீதம், புட்டிக்கு 40 மில்லி லிட்டர் ஊற்றினால், இலட்சம் புட்டிகளுக்கு 4,000 லிட்டர். அகர் 32 கிலோ. ஒரு வாழைக்கன்று வயலுக்கு வருமுன் பலமுறை புட்டி மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய களி கழுவிக் கொட்டப்படுகிறது. கன்றுக்கு வேண்டியது சாயாமல் நிற்க ஒரு படுக்கை மட்டுமே. மரிக்கொழுந்துப் பாசியின் மேன்மையை அது உணராது. 1998-இல் டெல்லி ஆராய்ச்சியாளர் இசப்கோல் உமியை அகருக்கு ஈடாகத் திசு வளர்ப்பிற் பயன்படுத்திக் காட்டினர். ஜவ்வரிசியையும் கொத்தவரைப் பிசினையும் ஆராய்ந்தோரும் உளர். குறைகள் இல்லாமலில்லை. உமிக்களி சற்றுக் கலங்கலாயிருப்பதால் வேர் தெரிவது அரிது. மாவுக்களி அமிலத்தில் தளரும். ஆயினும் சேலத்து மாவு மலிந்து கிடக்கும் நாட்டில் இக்குறைகளைத் தீர்ப்பதே எம். எஸ்ஸி. மாணவர் ஓராண்டு முயலத்தக்க ஆய்வு. எங்கோ நூறுமுறை செய்த சோதனையை நூற்றொன்றாம் முறை செய்வதினும் இது மேல் என்பது என் துணிபு.

சிக்கனம் ஏன் என்பார்க்கு 2015-ஆம் ஆண்டை நினைவூட்டுவேன். உலகின் சோதனைச்சாலை அகருக்கு வேண்டிய பாசியிற் பெரும்பகுதியைத் தரும் மொராக்கோ, தன் கடற்படுகை வறள்வது கண்டு ஏற்றுமதியைச் சுருக்கியது. உடனே உலகெங்கும் விலை ஏறிற்று. பெயர்பெற்ற விற்பனையாளர் சிலர் விற்பனையையே சில காலம் நிறுத்தினர். பாசி என்பது தோண்டத் தோண்ட வரும் கனிப்பொருளன்று. நுனியைக் கொய்து அடியை விட்டால் மீண்டும் வளரும். வேர்போன்ற பிடியோடு பிடுங்கினால் கல் மொட்டையாகும். மரிக்கொழுந்துப் பாசியோ மெல்ல வளர்வது. அதைக் கயிற்றிலும் கல்லிலும் கட்டி வளர்க்கும் சோதனைகளை மண்டபத்து ஆராய்ச்சி நிலையங்கள் பல்லாண்டாகச் செய்திருந்தும், அம்மெத்தனத்தினால் அது இன்னும் வேளாண்மையாக விரியவில்லை.

இங்கே இரு தடைகள் எழுப்பப்படும். முதலாவது: வாங்குவதைக் குறைத்தால் அப்பெண்டிர் வயிற்றில் அடிப்பதாகாதா? இரண்டாவது: விரைந்து வளரும் அந்நியப் பாசியைப் பயிரிடலாமே?

இரண்டாவதற்கு முதலில் விடை கூறுகிறேன். பிலிப்பைன்ஸ் நாட்டைப் பிறப்பிடமாகக் கொண்ட கப்பாஃபைகஸ் என்னும் பாசி 1980-களில் இந்நாட்டிற்கு ஆராய்ச்சிக்கென வந்து, 2000-ஐ அடுத்துப் பெப்சி நிறுவனத்தின் ஒப்பந்த முறையில் பாக் நீரிணையில் பயிராயிற்று. ‘பெப்சிப் பாசி’ என்றே ஊரார் அதை அழைத்தனர். மூங்கில் தெப்பத்திற் கட்டினால் 45 நாளில் அறுவடை. குடும்பங்கள் பலவற்றுக்கு அது கைக்குப் பணம் தந்தது என்பதை மறுக்கமுடியாது. அதன் சாறு நம் கொங்கு வயல்களுக்கும் பயிரூக்கியாக வந்து சேர்கிறது. ஆயினும் 2008-இல் அது குருசடைத் தீவின் பவளத்தின்மேற் படர்ந்து மூடியிருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டு எழுதினர். சில ஆண்டுகள் கழித்துக் கடல் வெப்பம் ஏறியபோது தெப்பங்களிற் பாசி அழிந்து, பயிரிட்டோர் பலர் கைவிட்டனர். இவை ஒருபுறமிருக்க, அப்பாசி தருவது கராஜினன் என்னும் வேறு பசை. ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் அது ஏற்றது. கிருமித் தட்டிற்கும் சாய மேசைக்கும் அகரும் அல்ஜினேட்டும் நிற்குமிடத்தில் அது நில்லாது. பாசியெல்லாம் ஒன்றே என்று கருதித் திட்டம் வகுப்பது, கிழங்கெல்லாம் ஒன்றே என்று சேனையை அரைத்து ஜவ்வரிசி உருட்டப் புகுவதை ஒக்கும்.

முதலாவது தடை கனமானது. அதற்கு விடை சேலத்திலேயே இருக்கிறது. ஜவ்வரிசி ஆலையாரும் ஒரு காலத்தில் தரகர் சொன்ன விலைக்கே விற்றனர். 1981-இல் அவர்கள் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். சரக்கை ஒரே கிடங்கிற் சேர்த்து, தரம் பார்த்து, மறைமுக டெண்டர் மூலம் விற்று, விற்குமுன் சரக்கின்பேரில் முன்பணமும் பெறும் வழி அதனால் ஏற்பட்டது. அதற்குக் குறைகள் உண்டு. கிழங்கு விளைத்த உழவனுக்கு அதன் பயன் முழுதும் சென்று சேர்ந்ததென்று சொல்லமாட்டேன். ஆயினும் விலை பேசும் இடம் விற்பவர் பக்கத்தில் ஒன்று உண்டாயிற்று. பாசிப் பெண்டிர்க்கு அத்தகைய இடம் இன்னும் வலுவாக அமையவில்லை. அவர்கள் உப்பும் மணலும் நீக்கி உலர்த்திய பாசியைக் கரையிலேயே தரகர் எடைபோட்டுக் கொள்வர்; அது எத்தனை கை மாறி, எந்தப் பெயரில் நம்மிடம் வருகிறதென்பது அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. குறைந்த அளவு, உயர்ந்த தரம், நல்ல விலை என்னும் மூன்றும் சேர்ந்தாலொழியப் பன்னிரண்டு நாள் ஒழுங்கை அவர்கள் நெடுநாள் காத்துக்கொள்ள இயலாது. பசித்தவளிடம், நுனியை மட்டும் கொய் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

மத்திய, மாநில அரசாங்கங்கள் இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்குமேற் செலவில் கடற்பாசிப் பூங்கா ஒன்றுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டின. நாற்றுப் பண்ணையும் ஆராய்ச்சியும் தொழிற்கூடமும் ஒருங்கே அமையுமென்பது திட்டம். அங்கே பாசி காய்ச்சும் யந்திரம் வருமென்றால், அவற்றுட் சிலவேனும் வார்ப்பிலும் குழாய் அமைப்பிலும் வல்ல கோயம்புத்தூரிலிருந்து போகுமென்பதில் ஐயமில்லை. யந்திரம் விற்பதோடு நில்லாமல், ஈரோடு, திருப்பூர் அச்சாலைச் சங்கத்தார் அப்பெண்டிர் கூட்டமைப்போடு நேரே ஆண்டொப்பந்தம் செய்துகொண்டு, கட்டக்கோரைக்கு ஒரு நிலையான விலையை முன்கூட்டிச் சொல்லலாம். ஐரோப்பிய வியாபாரிகள் இன்று திருப்பூர்ப் பனியனின் பஞ்சு எந்த நிலத்தில் விளைந்தது, சாயநீர் எங்கே போயிற்று என்று துருவிக் கேட்கின்றனர். 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச்செய்ததற்குப் பின்னரே நொய்யலைப்பற்றி நாம் வாய்திறந்தோம். பசையைப்பற்றியும் அவர்கள் ஒருநாள் கேட்பர். அப்போது பதில் தேடி ஓடுவதினும் இப்போதே எழுதிவைப்பது எளிது.

கல்லூரிகள் செய்யக்கூடியது இன்னும் சிறியது. அதற்குப் பல்கலைக்கழக ஆணையோ அரசாங்க மானியமோ வேண்டியதில்லை. ஜூன் மாதத்தில் சோதனைச்சாலைக்குச் சாமான் கேட்டு விற்பனையாளருக்கு எழுதும் கடிதத்தில், அகர் என்னும் வரியின்கீழ் இரண்டு கேள்விகள் சேர்க்கலாம்: எந்தப் பாசி, எந்தக் கரை? முதலாண்டில் விடை வாராது. இரண்டாம் ஆண்டில் கோவை நகரத்துக் கல்லூரிகள் பத்தும் ஒரே கேள்வியைக் கேட்டால் வரும். அவ்விடையைச் சோதனைச்சாலைக் கதவில் ஒட்டிவைத்து, அருகில் ஃபேனி ஹெஸ்ஸேயின் படத்தையும் மாட்டலாம். சட்டத்திற்கு ஆகும் செலவை நான் தருகிறேன்.